தவிட்டுக்கு விற்ற பூனைக்குட்டி

குட்டிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்து அது ஐந்தாவது வாரம். நான் பூனையைக் கொஞ்சுகிற ரகம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊரான அனொமாபுவில் கெங்கி என்கிற சோள உருண்டை அவித்து விற்கிறவள் நான், பெயர் பென்ட்சிவா. மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, பாதி மாவைக் கிண்டி மீதியோடு பிசைந்து, காய்ந்த வாழையிலையில் பொதிந்து அண்டாவில் அடுக்கினால் மூன்று மணி நேரம் விறகு எரிய வேண்டும். வீட்டில் எப்போதும் சோள மூட்டை இருக்கும். மூட்டை இருந்தால் எலி வரும். எலிக்குப் பூனை வேண்டும். எனக்கும் பூனைக்கும் உள்ள உறவு இவ்வளவுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாய்ப்பூனை கெட்டிக்காரி. கேப் கோஸ்ட் ரோட்டில் ஒரு வேன் அவளை அடித்துப் போட்டபோது மூன்று குட்டிகளை விட்டுப் போனாள். மூன்றுக்கும் ஒரே தும்மல். சாம்பல் நிறக் குட்டி ஒரு வாரத்தில் போனது. வெள்ளைக்குட்டி அதற்கு அடுத்த வாரம். இரண்டையும் வாழைமரத்தடியில் புதைத்தேன். மிஞ்சியது செம்பட்டைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. அது சாகவும் இல்லை, தேறவும் இல்லை. காலையில் கண் இரண்டும் பீளையில் ஒட்டிக் கிடக்கும். வெந்நீரில் உப்புப் போட்டு, பஞ்சை நனைத்து, ஒட்டியதை ஊறவைத்துத் துடைத்துத் திறக்க வேண்டும். மூக்குத் துவாரத்தில் காய்ந்திருப்பதையும் அப்படித்தான். அவசரப்பட்டுப் பிய்த்தால் ரத்தம் வரும். மூக்கு அடைத்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் பூனை தின்னாது. மீனைச் சுடச்சுட மசித்து மூக்கில் லேசாகத் தடவினால் நாலு வாய் தின்னும்.

சால்ட்பாண்ட் கால்நடை ஆபீஸிலிருந்து ஆடுகளுக்கு ஊசி போட வந்த மிஸ்டர் பெய்டன் குட்டியைத் தூக்கிப் பார்த்தார். மருந்து பாட்டில் ஒன்று கொடுத்தார். காலை மாலை அரை மில்லி, பத்து நாள்.

"மருந்து பாதி வேலதான் செய்யும், அம்மா. இது புகை ஆகாத வியாதி. அடுப்புப் பக்கமே விடாதீங்க" என்றார்.

"நாங்கல்லாம் புகையிலதான் பொறந்தோம், புகையிலதான் வளந்தோம்."

"நீங்க பூனை இல்லயே."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருந்தை மட்டும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். ஏழாம் நாள் குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பதினைந்தாம் நாள் மறுபடியும் மூக்கு ஒழுகியது. பாட்டிலில் மிச்சமிருந்ததை மறுபடி கொடுத்தேன். மறுபடி நன்றாயிற்று, மறுபடி வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தும்மல் என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

என் தங்கை ஏவுராமா ஒரு நாள் இலை வாங்கிக் கொடுக்க வந்தவள் குட்டியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ரெண்டு போயிடுச்சு. இது மூணாவது. மூணாவதுக்குச் செய்யறதைச் செய்ய வேண்டியதுதானே?"

"பிள்ளைங்களுக்குச் செய்யறத பூனைக்கா செய்வாங்க? ஊரே சிரிக்கும்டீ."

"சிரிக்கட்டும். சாவுக்குப் பிள்ளை எது, பூனை எதுன்னு தெரியவா போகுது?"

முறை இதுதான்: அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், அடுத்ததைத் தாய் கூடையில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டுவிட வேண்டும். அழக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்பே சொல்லிவைத்த ஒருத்தி வந்து எடுத்து, "இங்க ஒரு குப்பை கெடக்கு, வாங்கறவங்க உண்டா?" என்று கூவுவாள். தாயே போய் ஒரு கிண்ணம் தவிட்டைக் கொடுத்து, யாரோ பெற்றதை வாங்குகிற மாதிரி வாங்கி வர வேண்டும். அப்புறம் அதற்கு அசிங்கமாக ஒரு பெயர். இது யாருக்கும் வேண்டாத பண்டம் போலிருக்கிறது என்று சாவு ஏமாந்து போய்விடும். நான் பெயரை அப்போதே முடிவு செய்துவிட்டேன். அசாசியசா. புதைக்க நிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வாழைமரத்தடியில் இடமும் இல்லைதான்.

இங்கே என் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் பெயர் சுமினா. குப்பைமேடு என்று அர்த்தம். அவளும் அப்படிப் போட்டு எடுத்த பிள்ளைதான். மெதடிஸ்ட் சர்ச் பெண்கள் சங்கத்துக்கு வெள்ளை உடுப்பு தைப்பவள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர், என் பக்கம் அடுப்பு, அவள் பக்கம் கொடி. இரண்டு வருஷத்துக்கு முன் ஈஸ்டர் வாரத்தில் என் அடுப்புக்கரி பறந்து அவள் காயப்போட்ட பதினாலு வெள்ளை உடுப்பிலும் புள்ளி வைத்தது. அவள் வந்து கத்தினாள். நியாயமாகத்தான் கத்தினாள். நான் கெங்கி வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "உங்கம்மா சரியான எடத்துலதான் போட்டா. எடுத்தவதான் தப்புப் பண்ணிட்டா."

அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னது தப்பு என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, வாய் திறக்கவில்லையே.

சனிக்கிழமை காலை கூடையில் பழைய துணி விரித்து, குட்டியை வைத்து, வீட்டுக்குப் பின்னால் தென்னைமரத்தருகே இருக்கும் குப்பைமேட்டில் வைத்தேன். அது ஒரு தரம் தும்மியது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து மாவு பிசைய உட்கார்ந்தேன். ஏவுராமா வெயில் ஏறுவதற்குள் வந்து எடுப்பதாகப் பேச்சு. வெயில் ஏறியது. முதல் அண்டா வெந்து இறங்கியது. நான் இரண்டாவது அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் பாதித் தலை பின்னியும் பாதித் தலை விரித்தும் ஓடி வந்தாள்.

"அக்கா, கூடை மட்டும்தான் கெடக்கு!"

"இவ்வளவு நேரம் எங்கடீ போய்த் தொலைஞ்ச?"

"மத்தியானம் ஒரு சாவுக்குப் போகணும்ல? தலை பின்ன உக்காந்தேன். பாதித் தலையோட எப்படி எழுந்து வர்றது?"

"இப்ப பாதித் தலையோடதான வந்திருக்க!"

அவளை இன்னும் நாலு திட்டுத் திட்டியிருப்பேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம், சுமினாவின் அறைக்குள்ளிருந்து, அந்தத் தும்மல் கேட்டது. ஐந்து வாரமாகக் கேட்ட தும்மல் எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் சண்டை போட வேறு வழி இருக்கிறது. அடுப்பருகே மேய்ந்த சேவலைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

"சேவலே, கேட்டியா? இந்தக் காலத்துல ஒரு கூடையக் கீழ வைக்க முடியல. சில பேருக்குக் கை அவ்வளவு நீளம்."

சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "இஸ்திரிப்பெட்டி, நீ கேட்டியா? குப்பையில போட்டுட்டுப் போனவ நல்லவளாம். எடுத்தவ திருடியாம்."

"சேவலே, எடுக்க ஆள் சொல்லி வச்சுத்தான் போட்டேன்னு இந்தக் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்."

"அந்த ஆள் எங்க இஸ்திரிப்பெட்டி? தலை பின்னிக்கிட்டு இருந்துச்சாம். தலை முக்கியம்ல?"

ஏவுராமா வெட்கப்பட்டு விரித்த பாதித் தலையைத் துணியால் மூடிக்கொண்டாள். எங்கள் சண்டை பிடிக்காமல் சேவல் போய்விட்டது. வெறும் அண்டாவைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் பேசுவது? ஒரு கிண்ணத்தில் சோளத் தவிட்டை நிரப்பி ஏவுராமாவிடம் கொடுத்து, முறைப்படி வாங்கி வா என்று அனுப்பினேன்.

அவள் கிண்ணத்தோடே திரும்பி வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

"விக்க மாட்டாளாமா?"

"விப்பாளாம். நல்லான அப்பறம்தானாம். 'முறை எனக்கு உங்க அக்காவவிட நல்லாத் தெரியும்'னா." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, அவ உடனே எடுக்கலியாம். சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாளாம், யாராவது வருவாங்க வருவாங்கன்னு. கூடையில எறும்பு ஏற ஆரம்பிச்சுதாம். கண்ணு ஒட்டிக் கெடக்கற குட்டி, எங்க கடிக்குதுன்னே தெரியாம சுத்திச் சுத்தி வந்துச்சாம். அப்பறம்தான் போய் எடுத்தாளாம்."

நான் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன்.

"அவ கால் பாத்திருக்கியா நீ? முழங்காலுக்குக் கீழ புள்ளி புள்ளியா?"

பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அம்மை வந்த வடு என்று நினைத்திருந்தேன்.

"எறும்பு கடிச்ச வடு, அக்கா. அவளைப் போட்ட அன்னைக்கு, எடுக்க வேண்டிய அத்தை வர லேட்டாயிடுச்சாம். இன்னைக்கு அவ வாயால சொன்னா."

அன்று மூன்றாவது அண்டா அடிப்பிடித்துவிட்டது. கேட்டவர்களிடம் தீ அதிகமாகிவிட்டது என்று சொன்னேன்.

மறுநாள் மருந்து பாட்டிலையும் சொட்டுக் குழாயையும் ஏவுராமா கையில் கொடுத்தனுப்பினேன். காலை மாலை அரை மில்லி, கன்னத்தின் ஓரமாக விட வேண்டும், நேராகத் தொண்டையில் விட்டால் புரையேறும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த நாள் வேகவைத்த கானாங்கெளுத்தித் துண்டு ஒன்றை இலையில் வைத்துச் சுவர் மேல் வைத்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. மாலையில் பார்த்தால் இலை கழுவிக் காயவைத்து அதே இடத்தில் இருந்தது. மேலே ஒரு கல், காற்றில் பறக்காமல் இருக்க.

இப்படியே நாட்கள் போயின. என் மூட்டை அறைக்கும் அவள் அறைக்கும் ஒரே சுவர்தான், மண்சுவர். மூட்டைகளுக்கு நடுவில் எலி பார்க்கிற சாக்கில் உட்கார்ந்து கேட்பேன். அவள் கெட்டிலில் வெந்நீர் கொதிக்கும் சத்தம், குட்டிக்கு ஆவி பிடிக்கிறாள் என்று அர்த்தம். என் புகைக்குப் பயந்து தன் துணிகளுக்காகச் சன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து வைத்திருந்த அறை அது. புகை ஆகாத பூனைக்கு அந்த ஊரிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. தும்மல் நாற்பது என்பது இருபது ஆனது. ஒன்பது ஆனது. ஒரு நாள் மூன்று. மூன்று என்று எண்ணிய அன்று எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் பாதிதான். மீதிப் பாதி, அது என் கையில் தேறவில்லையே என்று.

குட்டி அவள் வீட்டுக்குப் போன ஆறாவது வாரம் மிஸ்டர் பெய்டன் மறுபடி ஆட்டு ஊசியோடு வந்தார். சுமினா அவரைக் கூப்பிட்டுக் குட்டியைக் காட்டினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அண்டாவைக் கழுவுகிறவள் மாதிரிக் கழுவின அண்டாவையே கழுவிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வாட்டியா சொல்லிடறேன், எனக்கு இருக்கறது ஒரு தொண்டைதான்" என்று அவர் குரலை உயர்த்தினார். "இது முழுசாப் போகாது. உள்ளுக்குள்ளயே கெடக்கும். குளிரோ, பயமோ, புகையோ பட்டா திரும்ப வரும். அதுக்காகச் சாகாது. மூக்கத் துடைச்சு, மீனச் சூடாக் குடுத்துக்கிட்டு இருந்தா கெழவியாகற வரைக்கும் இருக்கும். புரிஞ்சுதா அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் புரிஞ்சுது" என்றேன்.

அன்று மாலை சுவருக்கு மேலே அவள் குரல் கேட்டது. "இஸ்திரிப்பெட்டி, எங்கிட்ட ஒரு குப்பை இருக்கு. வாங்கறவங்க உண்டா?"

"சேவலே, என்ன வெலைன்னு கேளு."

"ஒரு கிண்ணம் தவிடு."

விற்றுத்தான் ஆக வேண்டும், விற்காமல் வைத்துக்கொண்டால் அது திருட்டு, முறையும் கெடும் என்று சுமினா பிற்பாடு ஏவுராமாவிடம் சொன்னாளாம். அவளை எடுத்த அத்தையும் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தாளாம். நான் கிண்ணத்தைச் சுவர் மேல் வைத்தேன். அது அந்தப் பக்கம் போனது. இரண்டு கைகள் குட்டியை இந்தப் பக்கம் நீட்டின. நல்ல கனம். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. கூடவே ஒரு மூட்டை வெட்டுத்துணி. எதற்கு என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. என் படுக்கையறைச் சன்னல் இடுக்குகளையெல்லாம் அதை வைத்து அடைத்தேன்.

"அசாசியசா, சனியனே, மூஞ்சியப் பாரு" என்று உரக்கத் திட்டிக்கொண்டே அதை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சுவதுதான் முறைக்கு ஆகாது, திட்டலாம். திட்டுவது எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

முதல் நாள் இரண்டு தும்மல். இரண்டாம் நாள் பதினொன்று. கதவைச் சாத்தினாலும் புகை என் துணியோடு, என் தலைமுடியோடு உள்ளே வந்தது. நான்தான் புகை. மூன்றாம் நாள் காலையில் ஒரு கண் ஒட்டியிருந்தது. கானாங்கெளுத்தியைச் சுடச்சுட மசித்து நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கில் தடவினேன், அதை நக்கக்கூட இல்லை. நான்காம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கெங்கி கேட்டு வந்தவர்கள் காலிக் கையோடு போனார்கள். ஒரு நாள் அணைக்கலாம். நாளைக்கு? எனக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான்.

இரண்டு வருஷமாக அந்த வாசலில் கால் வைக்காதவள், கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். தலைக்குக் குளித்து, புகை படாத ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்திக்கொண்டுதான் போனேன். கூடையை அவள் வாசற்படியில் வைத்தேன். திரும்பி நடக்கவில்லை. பக்கத்திலேயே நின்று, படியில் வரிசையாகப் போன எறும்புகளைக் காலால் தேய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"சுமினா" என்று கூப்பிட்டேன். சேவலிடம் இல்லை, அண்டாவிடம் இல்லை.

உள்ளே தையல் மெஷின் நின்றது. கதவு திறக்க நேரமாயிற்று. அவள் கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் இரண்டு குண்டூசியோடு வந்து நின்றாள். கூடையைப் பார்த்தாள். குண்டூசிகளை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள்.

"வித்த சாமானத் திருப்பி வாங்கறதில்ல" என்றாள். முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"விக்க வரல. என் வீட்ல அது பொழைக்காது. நாலு நாளா பாத்துட்டேன்."

"அதுக்கு இங்க வந்து ஏன் நிக்கற? முறைப்படி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போக வேண்டியதுதானே?"

"போக மாட்டேன். நீ எடுக்கற வரைக்கும் நிப்பேன். எறும்பு ஏறும்."

அவள் படியில் இருந்த எறும்புகளைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நான் சொன்னது தப்பு சுமினா. உன்னை எடுத்தவ சரியாத்தான் செஞ்சா. இதை அன்னைக்கு சாயங்காலமே வந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

"ரெண்டு வருஷம்" என்றாள்.

"ரெண்டு வருஷம்" என்றேன்.

குட்டி கூடைக்குள் மூன்று தரம் தொடர்ந்து தும்மியது. அவள் குனிந்து அதைத் தூக்கினாள். ஒட்டிய கண்ணைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டாள். நான் காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு கையில் குட்டியும் இன்னொரு கையில் என் கிண்ணமுமாகத் திரும்பி வந்தாள். தவிடு அதில் அப்படியே இருந்தது, ஒரு பிடி குறையவில்லை. அதை என் கையில் திணித்தாள்.

அப்புறம் வாசலிலிருந்து ஒதுங்கி, வெந்நீர் கொதிக்கிற அந்த அறையைக் காட்டினாள்.

"பஞ்சு மேசை மேல இருக்கு. நீ கண்ணத் தொற, நான் குட்டியப் பிடிச்சுக்கறேன். உள்ள வா, கதவச் சாத்து. புகை வருது."